தாய்ப்பத்திரம் கேட்காத கிரயங்கள்

மதராஸைச் சுற்றிக் கிராமம் கிராமமாகச் சேர்த்தது கம்பெனி. லூசியானாவை ஒரே கையெழுத்தில் வாங்கியது அமெரிக்கா. இரண்டையும் சேர்த்துப் படிக்கத் தாம்பரம் ஒரு நல்ல இடம்.

முடிச்சூரில் அரை கிரவுண்ட் மனை வாங்கப் போகிறவர்கூட முதலில் தாய்ப்பத்திரம் எங்கே என்று கேட்பார். முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்ப்பார். பட்டா யார் பேரில் இருக்கிறது, ஏரி உள்வாயா, புறம்போக்கா, கோயில் நிலமா என்று வக்கீலிடம் ‘லீகல்’ வாங்கிய பிறகுதான் அட்வான்ஸ் கைமாறும். அரசுகள் நிலம் வாங்கிய வரலாற்றில் இந்த ஜாக்கிரதையில் கால்வாசிகூடத் தென்படாது. 1803இல் பிரான்சிடமிருந்து அமெரிக்கா லூசியானாவை வாங்கியபோது, விற்ற நெப்போலியனின் ஆட்கள் அந்த மண்ணில் நிர்வாகத்தையே ஏற்றிருக்கவில்லை. அதற்கு நாற்பது வருஷம் முன்னால், தாம்பரமும் பல்லாவரமும் அடங்கிய செங்கல்பட்டுச் சீமை கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கைமாறியபோது, எழுதிக் கொடுத்தவரை நவாபாக உட்கார வைத்ததே கம்பெனிதான்.

லூசியானா கிரயம் உலகப் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. நம் செங்கல்பட்டு ஜாகீர் (வருமான மானியம்) கதை ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் மூலம் ஒன்றுதான், அது 1763 பிப்ரவரி 10 அன்று பாரிஸில் கையெழுத்தான உடன்படிக்கை.

ஏழாண்டுப் போரில் தோற்ற பிரான்ஸ் அந்த உடன்படிக்கையில் மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே இருந்த தன் நிலத்தை, நியூ ஆர்லியன்ஸ் நீங்கலாக, பிரிட்டனுக்கு விட்டுக்கொடுத்தது. ஆற்றுக்கு மேற்கே இருந்ததை 1762 நவம்பரிலேயே ஸ்பெயினுக்கு ரகசியமாக எழுதிக் கொடுத்தாயிற்று. அதே உடன்படிக்கையின் 11ஆவது ஷரத்து நம்மைப் பற்றியது. முகமது அலிதான் கர்நாடகத்தின் சட்டப்படியான நவாப், சலாபத் ஜங்தான் தக்காணத்தின் சுபேதார் என்று இங்கிலாந்தும் பிரான்சும் ஒப்புக்கொண்டன. இதில் வேடிக்கை என்னவென்றால், பாரிஸில் பேர் எழுதப்பட்ட நேரத்தில் சலாபத் ஜங்கைப் பதவியிலிருந்து இறக்கி அவருடைய தம்பி நிஜாம் அலி காவலில் வைத்திருந்தார். ஆற்காட்டுக்கும் ஹைதராபாத்துக்கும் யார் சொந்தக்காரர் என்பதை, அந்த ஊர்களைக் கண்ணால் பார்த்திராத தூதர்கள் முடிவு செய்தார்கள்.

மதராஸுக்கும் வட அமெரிக்காவுக்கும் அதற்கு முன்பே ஒரு கணக்கு உண்டு. 1746இல் பிரெஞ்சுக்காரர் மதராஸைப் பிடித்தார்கள். அதற்கு முந்தின வருஷம் கனடாவின் கிழக்குக் கரையில் இருந்த லூயிஸ்பர்க் கோட்டையை நியூ இங்கிலாந்துக் குடியேறிகள் பிரான்சிடமிருந்து பிடித்திருந்தார்கள். 1748 சமாதானத்தில் லூயிஸ்பர்க் பிரான்சுக்கும் மதராஸ் இங்கிலாந்துக்கும் திரும்பின. ரத்தம் சிந்திப் பிடித்த கோட்டையை எங்கோ இருக்கும் ஓர் இந்தியத் துறைமுகத்துக்காகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களே என்று பாஸ்டனில் பொருமினார்கள். அமெரிக்கர்கள் லண்டன்மீது வைத்திருந்த மனக்குறைகளில் நம்ம ஊரும் ஒன்று.

கிராமம் கிராமமாக

ஆரம்பத்தில் கம்பெனி மொத்தமாக நிலம் வாங்கவில்லை. 1639இல் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடம் பிரான்சிஸ் டே பெற்றது கடலோர மணல் துண்டு. கோட்டை கட்டிக்கொள்ளலாம், துறைமுக வருமானத்தில் பாதியை நாயக்கருக்குக் கொடுக்க வேண்டும். ஆக, குத்தகைக்கும் மானியத்துக்கும் நடுவில் ஏதோ ஒன்று. பிறகு விஜயநகரத்தார் ஓய்ந்து கோல்கொண்டாக்காரர்கள் வந்ததும் 1658இல் வருஷத்துக்கு 380 வராகன் என்று பேசினார்கள். 1672இல் அது 1,200 வராகன் ஆயிற்று. ஆட்சி மாறும்போதெல்லாம் புதிதாக வந்தவரிடம் போய் நின்று, பழைய சாசனத்தைப் புதிய முத்திரையில் மறுபடி எழுதி வாங்குவது கம்பெனியின் பழக்கம். பட்டா மாற்றத்துக்கு அலைகிற நம்மைப் போலத்தான், ஆனால் அலைந்தவர்கள் கையில் பீரங்கி இருந்தது.

1676இல் திருவல்லிக்கேணி வருஷம் 50 வராகனுக்கு வந்தது. 1693இல் எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை. 1708இல் நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, திருவொற்றியூர், கத்திவாக்கம், சாத்தாங்காடு. 1742இல் வேப்பேரி, பெரம்பூர், புதுப்பாக்கம் முதலியன. 1749இல் சாந்தோமும் மயிலாப்பூரும். கோல்கொண்டா, ஔரங்கசீப்பின் ஆட்கள், ஆற்காட்டு நவாப் என்று கொடுத்த கைகள் மாறிக்கொண்டே இருந்தன. வாங்கிய கை மாறவில்லை. சென்னைக்கு எந்த நாளைப் பிறந்தநாளாகக் கொண்டாடுவது என்று வருஷா வருஷம் சண்டை போடுகிறோம். தவணை முறையில் சேர்ந்த ஊருக்கு ஒரே பிறந்தநாள் எப்படிப் பொருந்தும்?

இந்தக் கிரயங்களிலேயே விசித்திரமானது கடலூரில் நடந்தது. 1690இல் தேவனாம்பட்டினக் கோட்டையைச் செஞ்சியில் இருந்த மராட்டியரிடமிருந்து கம்பெனி விலைக்கு வாங்கியது. எலிஹு யேல் மதராஸ் கவர்னராக இருந்த காலம். கோட்டையோடு சேர்த்து எவ்வளவு நிலம்? பெரிய பீரங்கியிலிருந்து சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவு என்று பேச்சு. தேர்ந்த பீரங்கிக்காரனையும் நல்ல பீரங்கியையும் கம்பெனி தேடி அனுப்பியது. நாலா திசையிலும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் கடலூரும் அடங்கிவிட்டது. அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பேர் நிலைத்தது. சங்கிலி பிடித்து அளக்கிற சர்வேயரைப் பார்த்திருக்கிறோம், பீரங்கியால் அளந்தவர்கள் இவர்கள்தான். அந்தக் குடிசைகளில் இருந்தவர்களுக்கு அன்று காலையில் தங்கள் ஊர் யாருடையது, மாலையில் யாருடையது என்பது குண்டுச் சத்தத்தில்தான் தெரிந்திருக்கும்.

கடனாளி கொடுத்த ஜாகீர்

முகமது அலி வாலாஜாவின் தகப்பனார் அன்வருதீன் 1749இல் ஆம்பூர்ச் சண்டையில் கொல்லப்பட்டார். எதிராளி சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சு ஆதரவு, இவருக்கு ஆங்கில ஆதரவு. 1752இல் சந்தா சாகிப் கதை முடிந்தது. அடுத்த பத்து வருஷம் நடந்த சண்டைகளின் செலவைக் கம்பெனி நவாபின் கணக்கிலேயே எழுதிக்கொண்டு வந்தது. புதுச்சேரியை முற்றுகையிட்டுப் பிடித்த செலவும் அவர் தலையில்தான். தன்னை நவாபாக்க நடந்த சண்டைக்குத் தானே வட்டியோடு பணம் கட்டினார் மனிதர்.

பாரிஸ் உடன்படிக்கை அவரை நவாப் என்று ஒப்புக்கொண்ட அதே 1763இல், செங்கல்பட்டுச் சீமையை ஜாகீராகக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார். கேட்டவர் கவர்னர் ஜார்ஜ் பிகாட். இரண்டு வருஷம் கழித்து மொகலாயச் சக்கரவர்த்தி ஷா ஆலமிடமிருந்தும் ஒப்புதல் வாங்கி வைத்தார்கள். சக்கரவர்த்திக்கு அப்போது டில்லியிலேயே கால் வைக்க முடியாத நிலை. மதராஸுக்கு வடக்கே பழவேற்காட்டுப் பக்கத்திலிருந்து தெற்கே பாலாற்றைத் தாண்டிக் கடலோரமாக நூறு மைல் அளவுக்கு நீண்ட சீமை அது. உள்ளே காஞ்சிபுரம், பூவிருந்தவல்லி, மதுராந்தகம். பரங்கிமலையிலிருந்து தெற்கே இன்று ஜி.எஸ்.டி. ரோடு போகிற வழியெங்கும் இருந்த ஊர்களும் ஏரிகளும் அதில் சேர்ந்தவை.

சுவாரசியம் அதற்குப் பிறகு. வாங்கிய ஜாகீரைக் கம்பெனி திரும்ப அந்த நவாபுக்கே குத்தகைக்கு விட்டது! தன் நிலத்தைத் தானமாக எழுதிக் கொடுத்துவிட்டு, அதற்கே வருஷா வருஷம் குத்தகை கட்டினார் முகமது அலி. 1780இல்தான் கம்பெனி நேரடி நிர்வாகத்துக்கு எடுத்தது. அதே 1780இல் ஹைதர் அலியின் குதிரைப் படை செங்கம் கணவாய் வழியாக இறங்கி வந்து அந்தச் சீமையைப் பாழாக்கியது.

இவ்வளவுக்கும் நடுவில் நவாப் சேப்பாக்கத்தில் கோட்டைக்குப் பக்கத்திலேயே அரண்மனை கட்டிக்கொண்டு வந்துவிட்டார். கம்பெனி உத்தியோகஸ்தர்களே தனிப்பட்ட முறையில் அவருக்கு வட்டிக்குக் கடன் கொடுத்தார்கள். அந்தக் கடன்களைப் பற்றி எட்மண்ட் பர்க் 1785இல் லண்டன் பார்லிமெண்டில் முழங்கினார். 1801இல் கர்நாடகம் முழுவதும் கம்பெனிக்குப் போயிற்று. புதிய நவாபுக்கு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும் பட்டமும் மிச்சம்.

அங்கே ஒரு வில்லங்கம்

கர்நாடகம் கைமாறிய 1801க்கும் லூசியானா கைமாறிய 1803க்கும் இரண்டே வருஷம். அமெரிக்காவைச் சுதந்திர நாடாக பிரிட்டன் ஒப்புக்கொண்டு அப்போது இருபது வருஷம்தான் ஆகியிருந்தது. மதராஸில் அமெரிக்காவுக்கு 1794லேயே வில்லியம் அபட் என்று ஒரு தூதரகப் பிரதிநிதி இருந்தார். கப்பல் அனுப்பி வியாபாரம் செய்யும் அளவுக்கு வளர்ந்துவிட்ட அந்த இளம் நாட்டுக்கு, உள்நாட்டில் ஒரு தொண்டை அடைப்பு இருந்தது. மிசிசிப்பி வழியாக வரும் சரக்கெல்லாம் நியூ ஆர்லியன்ஸைத் தாண்டித்தான் கடலுக்குப் போக வேண்டும். அந்தத் துறைமுகத்தை எப்படியாவது வாங்குங்கள் என்று சொல்லி ராபர்ட் லிவிங்ஸ்டனையும் ஜேம்ஸ் மன்றோவையும் பாரிஸில் பேச வைத்தார் ஜனாதிபதி ஜெபர்சன். நியூ ஆர்லியன்ஸுக்கும் ஃபுளோரிடாவுக்கும் சேர்த்து ஒரு கோடி டாலர் வரை போகலாம் என்பது அவர்களுக்கிருந்த அனுமதி.

நெப்போலியனின் அமைச்சர் மொத்த லூசியானாவையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஹெய்ட்டியில் அடிமைகள் கிளர்ந்தெழுந்து பிரெஞ்சுச் சேனையைத் திணறடித்திருந்தார்கள். மஞ்சள் காய்ச்சல் மிச்சப் பேரை வாரிக்கொண்டு போனது. நெப்போலியனின் மைத்துனர் லெக்லெர்க்கும் அதில் செத்தார். ஹெய்ட்டி இல்லாமல் லூசியானாவால் நெப்போலியனுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. இங்கிலாந்தோடு அடுத்த சண்டைக்குப் பணம் வேண்டியிருந்தது. 1803 ஏப்ரல் 30 தேதியிட்ட பத்திரத்தில் விலை ஒன்றரைக் கோடி டாலர் என்று முடிந்தது. நிலம் 8,28,000 சதுர மைல். இன்றைய இந்தியாவில் மூன்றில் இரண்டு பங்கு அளவு. ஏக்கருக்கு மூன்று அமெரிக்க சென்ட்கூட ஆகவில்லை. அந்த விலையைக் குறைத்த பெருமை பேரம் பேசிய தூதர்களைவிட ஹெய்ட்டியின் அடிமைகளுக்கே அதிகம் சேரும். அவர்களுக்கு யாரும் தரகு கொடுக்கவில்லை.

இதில் வில்லங்கம் எங்கே? 1800இல் ஸ்பெயின் இந்த நிலத்தை பிரான்சுக்குத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. மூன்றாவது ஆளுக்குக் கைமாற்ற மாட்டோம் என்று 1802இல் பிரான்ஸ் வாக்குக் கொடுத்திருந்தது. அடுத்த வருஷமே விற்றுவிட்டது. ஸ்பெயின் ஆட்சேபம் எழுப்பியது, வாஷிங்டன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விற்பனை முடிந்து ஏழு மாதம் கழித்து, நவம்பர் 30 அன்றுதான் நியூ ஆர்லியன்ஸில் ஸ்பானிய அதிகாரிகள் பிரெஞ்சு அதிகாரியிடம் நிர்வாகத்தை ஒப்படைத்தார்கள். இருபது நாள் கழித்து பிரெஞ்சு அதிகாரி அதை அமெரிக்கரிடம் கொடுத்தார். நிலம் வாங்க ஜனாதிபதிக்கு அதிகாரம் இருக்கிறதா என்று ஜெபர்சனுக்கே சந்தேகம். அரசியல் சட்டத்தைத் திருத்தலாமா என்று யோசித்துவிட்டு, நெப்போலியன் மனம் மாறிவிடுவாரோ என்ற பயத்தில் விட்டுவிட்டார். செனட் 24க்கு 7 என்று ஒப்புதல் தந்தது.

பணம் கொடுத்த விதம் நம் நவாபின் கடனைவிடச் சுவையானது. அமெரிக்காவிடம் அவ்வளவு ரொக்கம் இல்லை, ஆறு சதவீதக் கடன் பத்திரம் எழுதிக் கொடுத்தது. அந்தப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு நெப்போலியனுக்குப் பணம் திரட்டியவர்கள் ஆம்ஸ்டர்டாமின் ஹோப் நிறுவனமும் லண்டனின் பேரிங் வங்கியும். மே மாதத்திலேயே இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் போர் தொடங்கிவிட்டது. லண்டன் வங்கிக்காரர் புரட்டிய பணம் லண்டனை எதிர்த்த சேனைக்குப் போய்ச் சேர்ந்தது.

நிலத்தின் மேல் இருந்தவர்கள்

சாமர்த்தியம், ராஜதந்திரம், மலிவு விலை என்றுதான் லூசியானா கதை வழக்கமாகச் சொல்லப்படும். எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. இங்கேயும் அங்கேயும் வாங்குகிறவர் முதலில் ஒருவரைச் சொந்தக்காரராக ஏற்படுத்திக்கொள்கிறார், பிறகு அவரிடமிருந்து வாங்குகிறார். நிலத்தின் மேல் இருப்பவர்களோடு பேசுகிற வேலை பத்திரம் முடிந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. நெப்போலியனிடம் அமெரிக்கா உண்மையில் வாங்கியது ஐரோப்பியப் போட்டியாளர் யாரும் வரமாட்டார்கள் என்கிற உத்தரவாதம் ஒன்றைத்தான். 1804இல் ஜெபர்சன் அனுப்பிய லூயிஸும் கிளார்க்கும் மிசிசிப்பியைத் தாண்டிப் போய், அவர் முகம் பொறித்த பதக்கங்களைத் தொல்குடித் தலைவர்களிடம் கொடுத்து, உங்களுக்குப் புதிய தகப்பன் வந்திருக்கிறார் என்று அறிவித்தார்கள். 1808இல் ஒசேஜ் மக்களிடம் தனியாக ஓர் உடன்படிக்கை போட்டு நிலம் எழுதி வாங்கினார்கள். ஒரே நிலத்துக்கு மறுபடி ஒரு கிரயம், அதுவும் அடிமாட்டு விலைக்கு. அந்த நூற்றாண்டு முழுக்க இப்படி உடன்படிக்கைகளும் சண்டைகளுமாகத்தான் கழிந்தது.

இங்கே லூயிஸ், கிளார்க் செய்த வேலையை 1767லிருந்து 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்கிற எஞ்சினியர் செய்தார். செங்கல்பட்டு ஜாகீரின் ஏறக்குறைய இரண்டாயிரம் ஊர்களைக் கணக்கெடுத்தார்கள். எத்தனை வீடு, யார் யார் என்ன தொழில், எத்தனை ஏரி, எத்தனை காணி நன்செய், எவ்வளவு விளைச்சல், அதில் கோயிலுக்கு எவ்வளவு, வெட்டியானுக்கு எவ்வளவு, தாசிக்கு எவ்வளவு என்று ஊர்க் கணக்கப்பிள்ளைகள் ஓலையில் எழுதினார்கள். அந்த ஓலைச் சுவடிகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. வரி போட வசதியாக எடுத்த கணக்கு அது. இன்றைக்குப் படித்தால், ஒரு பிடி நெல்லில்கூட எத்தனை பேருக்கு உரிமை இருந்தது என்பது தெரிகிறது. அந்த நெல்லுக்கு நவாப் ஒருவரே சொந்தக்காரர் என்று வைத்துக்கொண்டுதான் ஜாகீர் எழுதப்பட்டது.

1794இல் கலெக்டராக வந்த லயனல் பிளேஸ் இந்த உரிமைகளோடு நேருக்கு நேர் மோதினார். மதுராந்தகம் ஏரியை உடையாமல் காத்த ராமர் கதையில் வருகிற அதே துரைதான். ஏரி மராமத்தில் அவர் காட்டிய அக்கறை நிஜம், மிராசுதார்களை மிரட்டியதும் நிஜம். காணியாட்சி எங்கள் பரம்பரை உரிமை, கம்பெனிக்கு வாரம் வாங்கத்தான் பாத்தியதை என்றார்கள் மிராசுதார்கள். பூவிருந்தவல்லிப் பக்கத்தார் அவர் சொன்ன கணக்குக்கு ஒத்துவரவில்லை. 1802இல் ஜாகீரை மிட்டாக்களாக வெட்டி ஏலம் விட்டுப் பார்த்தார்கள். எடுத்தவர்களில் பெரும்பாலோர் சில வருஷங்களிலேயே கட்ட முடியாமல் விழுந்தார்கள். திருக்குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்த எல்லிஸ் துரை, மிராசு என்பது உண்மையான சொத்துரிமையே என்று 1818இல் அச்சான தன் அறிக்கையில் வாதாடினார். அவர் கட்சி அன்று முழுதாக வெல்லவில்லை, முழுதாகத் தோற்கவும் இல்லை.

மிராசுதார்கள் என்றால் பெரும்பாலும் வேளாளரும் பிராமணரும். உழுதவர்கள் படியாட்கள், பெரும்பாலும் பறையர். இந்த விவகாரம் எதிலும் அவர்கள் பேர் வராது. நாயக்கர் சாசனத்தில் இல்லை, பாரிஸ் ஷரத்தில் இல்லை, பிளேஸ் துரைக்குப் போன மனுக்களில் இல்லை. நிலம் ஐந்தாறு கை மாறியும் அவர்கள் குடியிருந்த சேரி மனைக்குக்கூட எழுத்து கிடையாது.

இதற்கெல்லாம் முந்திய பாத்தியதை ஒன்றும் இந்தப் பக்கத்தில் உண்டு. ஜாகீர் எழுதிக் கொடுத்துச் சரியாக நூறு வருஷம் கழித்து, 1863 மே மாதம் பல்லாவரத்தில் சரளைக்கல் தோண்டிய குழியில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல் ஆயுதத்தைக் கண்டெடுத்தார். இந்தியப் பழைய கற்கால ஆய்வே அங்கிருந்துதான் தொடங்குகிறது.

நாடுகள் நிலம் வாங்குவது லூசியானாவோடு நிற்கவில்லை. டென்மார்க் 1845இல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்குக் கம்பெனியிடம் விற்றுவிட்டுப் போனது. அதே டென்மார்க் 1917இல் மேற்கிந்தியத் தீவுகளை அமெரிக்காவுக்கு விற்றது. ரஷ்யாவிடமிருந்து அலாஸ்கா 1867இல் 72 லட்சம் டாலருக்குப் போயிற்று. பிறந்து பதினோரு வருஷமே ஆன பாகிஸ்தான் 1958இல் ஓமன் சுல்தானிடமிருந்து குவாதரை முப்பது லட்சம் பவுனுக்கு வாங்கியது. பதினெட்டாம் நூற்றாண்டில் கலாத் கான் ஓமன் இளவரசர் ஒருவருக்குத் தங்கிக்கொள்ளக் கொடுத்த ஊர் அது. இருக்க இடம் கேட்டு வந்தவர் வழி வந்தவர்கள் கடைசியில் கிரயமே எழுதினார்கள்.

தாம்பரத்துக்கு வருவோம். 1931இல் கடற்கரையிலிருந்து மின்சார ரயில் வந்தது. 1937இல் சேலையூர்க் காட்டில் கிறிஸ்தவக் கல்லூரி வந்தது. அதன் பிறகு வயல் மனையாகிற வேகம் கூடிக்கொண்டே போனது. பெருங்களத்தூர், செம்பாக்கம், மாடம்பாக்கம், திருநீர்மலை என்று பத்து உள்ளாட்சிகளை 2021இல் ஒன்று சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆக்கினார்கள். கோட்டைக்குத் தெற்கே எல்லை விரிந்துகொண்டே வந்த முந்நூற்று எண்பது வருஷத்தில் இந்தக் கடைசித் தடவை வராகனோ பீரங்கியோ தேவைப்படவில்லை, அரசாணை போதுமாயிருந்தது. ஏரிகள் மட்டும் எந்த ஆணைக்கும் கட்டுப்படவில்லை என்பதை 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் பார்த்தன.

படியாட்கள் கணக்கு என்ன ஆயிற்று? 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர், தன் மாவட்டப் பறையர்களின் நிலைமை பற்றி அறிக்கை எழுதினார். அதன் மேல் 1892இல் வந்த ஏற்பாட்டில்தான் ஒடுக்கப்பட்டோருக்கென்று நிலம் ஒதுக்குவது தொடங்கியது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான். மாகாணம் முழுக்கப் பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்பார்கள். குறிப்பிட்ட காலத்துக்கு விற்கக்கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம், வேறு யாருக்குப் பதிவு செய்தாலும் செல்லாது என்று நிபந்தனை போட்டார்கள். நாயக்கரிலிருந்து நவாப் வரை யார் கொடுத்தாலும் செல்லுபடியான ஜில்லாவில், வாங்கினாலும் செல்லாத நிலம் என்று முதன்முதலாக ஒன்று உண்டானது.

அந்த நிபந்தனையும் காற்றில் போனது. நூறு வருஷத்துக்குள் பாதிக்கு மேல் கைமாறிவிட்டதாகத் தலித் இயக்கங்கள் சொல்கின்றன. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்க 1994இல் மக்கள் இறங்கினார்கள். அந்த மண்ணில் வைத்த அம்பேத்கர் சிலை அகற்றப்பட்டது. அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்று இருவர் செத்தார்கள். தகவல் உரிமைச் சட்டம் வந்த பிறகு நிலத்தை மீட்கப் போராடுகிறவர்களின் வழியில் ஒரு மாற்றம். பழைய ‘ஏ’ பதிவேட்டின் நகலை வாங்கி, டி.சி. (ஒடுக்கப்பட்ட வகுப்பு) என்று குறித்திருக்கும் சர்வே எண்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கியெடுத்து, இன்று அதில் என்ன கட்டடம் நிற்கிறது என்று எதிரே எழுதித் தாசில்தாரிடம் மனுவோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள்.